வெயில் கேட்டவள்

என் ஆசை மாமாவுக்கு,

லூர்து எழுதுகிறேன். அங்கே குளிர் எப்படி இருக்கிறது என்று கேட்கப் போவதில்லை. அது எனக்குத் தெரியும். காலையில் பல் விளக்குவதற்கு முன்பே போனில் பார்த்துவிட்டேன். உங்கள் மலைக்கு இன்று சிவப்பு போட்டிருக்கிறார்கள்.

உங்களுக்கு இது புதுசு. இப்போதெல்லாம் குளிர்காலம் வந்தால் வடக்கு மலைகளுக்குத் தினமும் பனிச்சரிவு எச்சரிக்கை வருகிறது, மாவட்டம் மாவட்டமாக. மஞ்சள் என்றால் பார்த்துப் போ. ஆரஞ்சு என்றால் சரிவுப் பக்கம் போகாதே. சிவப்பு என்றால் இருக்கிற இடத்தை விட்டு நகராதே. எல்லாம் இங்கிலீஷில்தான் இருக்கும். பத்தாவதில் கோட்டை விட்டவள் நான். ஆனாலும் உங்கள் மாவட்டத்தின் பெயரை மட்டும் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவேன். நிறத்தைப் படிக்க இங்கிலீஷ் எதற்கு?

பக்கத்து வீட்டு ஞானம் என்னைக் கிண்டல் செய்வாள். "இன்னாக்கா, இங்க வெயிலு மண்டைய பொளக்குது, நீ ஐஸ் மலைய பாத்துகினு கீற?" என்பாள். "எனக்கு அங்க ஆள் கீதுடி" என்று சொல்வேன். பாவம், உடனே பேச்சை மாற்றிவிடுவாள்.

இன்றைக்கு அங்கே எனக்கு இரண்டு ஆள் மாமா. நம் ஸ்டெல்லா அங்கேதான் இருக்கிறாள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவள் என் வயிற்றில் இருந்தபோதுதான் நீங்கள் கடைசியாக லீவில் வந்தீர்கள். தொண்ணூற்றொன்று, தை மாதம். மிலிட்டரி டிரைவர் வந்திருக்கிறான் என்று ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. உங்கள் அம்மா, அதாவது என் அத்தை, வந்தவர்கள் எல்லாரிடமும் "எம்புள்ள ஐஸ் மேலயே வண்டி ஓட்றான்" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தது. ஐஸ் என்றால் நமக்கெல்லாம் மீன் பெட்டியில் போடுகிற ஐஸ்தான். அதன்மேல் எப்படி வண்டி ஓட்டுவது என்று நான் கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள்.

நான் முறத்தில் அரிசி மாவு கொழித்துக்கொண்டிருந்தேன். என் கையிலிருந்து முறத்தைப் பிடுங்கி, மாவை ஒரு தட்டில் கொட்டி, அடுப்படியில் இருந்த ரவை டப்பாவை எடுத்து முறம் முழுக்க ஒரு பரத்து பரத்தினீர்கள். அதன்மேல் மாவைப் போட்டு உள்ளங்கையால் அமுக்கி அமுக்கி ஒரே பலகை மாதிரி ஆக்கினீர்கள். எனக்கு வயிறு எரிந்தது. ரவையும் போச்சு, மாவும் போச்சு.

"ஏ லூர்து, கத்தாத, பாரு. குளிரு ஜாஸ்தியா இருந்தா பழைய பனி உள்ளயே ரவை மாதிரி உதிரியா ஆயிடும். ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. அதும் மேல காத்து அடிச்சி அடிச்சி புதுப் பனி வந்து கெட்டியா உக்காந்துக்கும். மேல இருந்து பாத்தா சிமெண்ட்டுத் தரை மாதிரி கீது இல்ல?"

முறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தீர்கள். மாவு அசையவில்லை. "பாத்தியா, எவ்ளோ ஸ்ட்ராங்கு" என்றீர்கள். பிறகு ஒரே ஒரு வேர்க்கடலையை எடுத்து, "இது மனுசன்" என்று சொல்லி மாவின் நடுவில் வைத்து விரலால் ஒரு தட்டு தட்டினீர்கள். கடலைக்குப் பக்கத்தில் இல்லை மாமா, எங்கேயோ மேலே, முறத்தின் விளிம்பில் ஒரு கோடு விட்டது. அடுத்த நொடி மொத்த மாவும் என் மடியில்.

நான் உங்களைத் திட்டிய திட்டு இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. நீங்கள் அதைக் காதில் வாங்காமல் என் மடியில் கிடந்த மாவுக்குள் கையை விட்டு, அந்தக் கடலையைத் தேடி எடுத்து, ஊதி, வாயில் போட்டுக்கொண்டீர்கள். எவ்வளவு சுலபமாகக் கிடைத்துவிட்டது உங்களுக்கு.

மாசி மாதம் தந்தி வந்தது. காணவில்லை என்றுதான் இருந்தது. செத்துப்போனார் என்று இல்லை. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பாட்டை யாரிடம் சொல்ல? ஊரில் ஆளுக்கொன்று பேசினார்கள். "ஐஸ் மேல வுழுந்தா தட்டி வுட்டுட்டு எழுந்து வரக் கூடாதா?" என்று ஒரு பெரிய மனுஷன் நம் வாசலிலேயே நின்று கேட்டார். அவரைக் குறை சொல்லி என்ன? நம் ஒரகடம் கூட்ரோட்டில் நின்றுகொண்டு பனிமலையை யாரால் யோசிக்க முடியும்?

உங்கள்கூட வேலை பார்த்த தேவராஜ், வேலூர்ப் பக்கத்துக்காரர், பங்குனியில் வந்தார். அவரும் அன்று உங்கள் பின்னால் நடந்து வந்தவர். வாசலில் செருப்பைக் கழற்றியதும் அத்தையின் காலடியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். தண்ணீர் கொடுத்து ஆசுவாசப்படுத்தி நான்தான் கேட்டேன்.

விடாமல் பனி கொட்டியதாம். காற்று வேறு. அப்புறம் ஒரு காலையில் வானம் பளிச்சென்று நீலமாக ஆகிவிட்டதாம். மேலே ஒரு வளைவில் வண்டி மாட்டிக்கொண்டு, அதில் இரண்டு பேர் சாப்பாடு இல்லாமல் கிடந்தார்களாம். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நீங்கள் முன்னால் நடந்தீர்களாம். "காலுக்கு அடில மூட்டைய போட்ட மாதிரி டொப்புனு ஒரு சத்தம் வந்துது அண்ணி. அண்ணன் திரும்பிப் பாத்து, ஓடுங்கடான்னாரு. நாங்க ஓடிட்டோம். அவரு நின்ன இடமே மொத்தமா கீழ போயிடுச்சி."

நீளமான கம்பிகளை விட்டுக் குத்திக் குத்திப் பார்த்தார்களாம். கிடைக்கவில்லை.

எங்களுக்கு முறத்தை வைத்துப் பாடம் நடத்தியவருக்கு, புதுப்பனி விழுந்த மறுநாள் வெயில் அடித்தால் போகக் கூடாது என்று தெரியாதா? தெரியும். தேவராஜே சொன்னார், அவர்களுக்கெல்லாம் நீங்கள்தான் இதைச் சொல்லிக்கொடுத்தீர்களாம். அப்புறம் ஏன் மாமா போனீர்கள்? பசியோடு இரண்டு பேர் கிடந்தார்கள், அதனால் போனீர்கள். அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். அந்த இரண்டு பேரும் பிழைத்துவிட்டார்களாம். நல்லா இருக்கட்டும். இந்நேரம் அவர்கள் பேரப்பிள்ளை எடுத்திருப்பார்கள்.

போகும்போது தேவராஜ் ஒன்று சொல்லிவிட்டுப் போனார். "வெயில் ஏறுனா பனி உருகும் அண்ணி. அப்ப ரோடு தொறக்கறப்ப அண்ணன் கெடச்சிருவாரு." அவர் எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து நான் வெயில் கேட்க ஆரம்பித்தேன்.

சிரிக்காதீர்கள். அது வேறு ஊர், அது வேறு மலை என்று எனக்கும் தெரியும். ஆனால் சூரியன் ஒன்றுதானே? இங்கே காய்ந்தால் அங்கேயும் காயும்தானே? எனக்கு அப்போது அப்படித்தான் பட்டது. அந்த வருஷம் சித்திரையில் கிணறெல்லாம் சேறாகிவிட்டது. மணிமங்கலம் போகிற வழியில் ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஆட்களெல்லாம் வெயிலைத் திட்டிக்கொண்டே நடந்தார்கள். நான் மட்டும் காலையில் கதவைத் திறந்து, வெயில் சுள்ளென்று முகத்தில் அடித்தால் சந்தோஷப்பட்டேன். மேகம் கூடினால் அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்காது.

அந்த வெயிலில்தான் ஸ்டெல்லா பிறந்தாள். பெண். உங்கள் மூக்கு, உங்கள் பிடிவாதம். பிறந்த சில நாளிலேயே உடம்பு முழுக்க வேர்க்குரு. அத்தை விசிறியைக் கீழே வைக்கவில்லை. குழந்தை வீறிட்டு அழும், அத்தை விசிறும், நான் ஓட்டு இடுக்கு வழியாக வானத்தைப் பார்ப்பேன். இன்னும் காயட்டும், இன்னும் காயட்டும் என்று மனசுக்குள் சொல்வேன். குழந்தையின் சிவந்த முதுகைப் பார்ப்பேன். அப்போதும் சொல்வேன்.

அக்கினி நட்சத்திரத்தில் நம் கோயிலில் மழைக்காக ஜெபமாலை வைத்தார்கள். மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார்கள். நம் வாசலுக்கு வந்ததும் எல்லாரும் முழங்கால் போட்டார்கள். பச்சை உடம்புக்காரி, நானும் குழந்தையோடு வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். ஊரே பதில் ஜெபம் சொல்லியது. நான் வாயைத் திறக்கவில்லை. உதட்டை அழுத்தி மூடிக்கொண்டு மாதாவின் முகத்தையே பார்த்தேன். இவர்கள் பேச்சைக் கேட்காதே அம்மா, எனக்கு என் மாமா வேண்டும் என்றேன்.

அத்தை பார்த்துவிட்டது. ஊர்வலம் போனதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. "ஏன்டி வாய மூடிகினு இருந்த? கொள்ளி வெயில்ல கொழந்த துடிக்குது, மழை வேணாமா உனுக்கு?"

"பனி உருகணும் அத்தை" என்றேன்.

அது விசிறியைக் கையில் எடுத்தது, மடியில் வைத்தது. அப்புறம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதது. மறுநாள் ஜெபமாலைக்கு அதுவும் போகவில்லை.

ஆனி போனது, ஆடி வந்தது. இங்கே மழையும் வந்துவிட்டது. நீங்கள் வரவில்லை. தேவராஜ் மறுபடி லீவில் வந்தபோது உண்மையைச் சொன்னார். சரிவு ரோட்டோடு நிற்கவில்லையாம். ரோட்டையும் தாண்டிக் கீழே ஒரு பள்ளத்தில் போய் விழுந்திருக்கிறதாம். இரண்டு பக்கமும் செங்குத்தான மலை. போன வருஷத்துப் பனி உருகுவதற்கு முன்பே அடுத்த வருஷத்துப் பனி அதன்மேல் விழுந்துவிடுமாம். "அந்த எடத்துல வெயிலே வுழாது அண்ணி" என்றார்.

நான் கேட்டுக் கேட்டு வாங்கிய வெயிலெல்லாம் எங்கே போனது மாமா? என் குழந்தையின் முதுகில் வேர்க்குருவாகப் போனது. உங்கள்மேல் ஒரு பொட்டு விழவில்லை.

கார்த்திகைக்கு முன்னால் கல்லறைத் திருநாள் வந்தது. ஊரில் எல்லாரும் அவரவர் கல்லறைக்குப் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, பூப்போட்டு மெழுகுவத்தி ஏற்றுவார்கள். எங்களுக்கு மெழுகுவத்தி ஏற்ற ஓர் இடமில்லை. அத்தை நேராகப் பங்குச் சாமியாரிடம் போய், தன் பிள்ளை சூசைக்கு ஒரு கல்லறை வேண்டும் என்று கேட்டது. உடல் இல்லாமல் எப்படியம்மா கல்லறை, பூசை வைக்கிறேன், அது போதும் என்று அவர் நல்லவிதமாகத்தான் சொன்னார். அத்தை விடவில்லை. "நம்ம சேசுவோட கல்லறையும் காலிதானே சாமி?" என்றது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, சரி என்றார்.

உங்கள் கல்யாணச் சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்தோம். பெட்டி கனமே இல்லை. தூக்க வந்த நாலு பேரும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நடந்தார்கள். அத்தையும் இப்போது உங்களுக்குப் பக்கத்தில்தான் படுத்திருக்கிறது. உங்களுக்கு என்றால், உங்கள் சட்டைக்கு.

இங்கே நிலவரம் சொல்கிறேன். நம் வேர்க்கடலைக் கொல்லை இருந்த இடத்தில் இப்போது ஒரு கம்பெனியின் மதில் போகிறது. நான் ஒன்றும் அழவில்லை. அந்த மண்ணில் குனிந்து களை பிடுங்கியவளுக்குத்தான் அந்த இடுப்பு வலி தெரியும். மீதி இடத்தில் நாலு ரூம் கட்டி ஷிப்டுக்குப் போகிற பையன்களுக்கு விட்டிருக்கிறேன். திருநெல்வேலிப் பையன்களும் ஒடிசாப் பையன்களும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்துச் சண்டை போடுகிறார்கள். விடியற்காலையில் கூட்ரோட்டில் கம்பெனி பஸ்களின் ஹாரன் சத்தத்தில் கோழி கூவுவதே கேட்காது.

ஸ்டெல்லா இன்ஜினியர். லாரி செய்கிற கம்பெனியில் வண்டியை ஓட்டிப் பார்த்துச் சோதிக்கிற பிரிவு. புது வண்டி கொதிக்கிற வெயிலில் ஓடுமா, உறைகிற குளிரில் ஸ்டார்ட் ஆகுமா என்று பார்ப்பார்களாம். வெயிலுக்கு எங்கேயும் போக வேண்டாம், ஒரகடமே போதும். குளிருக்கு மலைக்குப் போக வேண்டும். இத்தனை வருஷமும் அவள் பெயர் வரும்போதெல்லாம் வேறு யாரையாவது அனுப்பச் சொல்லிவிடுவாள். எனக்காக. இந்த வருஷம் டீமுக்கே அவள்தான் லீடர்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள். எந்த ஊர் என்று கேட்டேன். தட்டில் சோற்றைக் கிளறிக்கொண்டே இருந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. உங்கள் மாவட்டம்.

"போவக் கூடாது" என்றேன். "ஒருத்தரக் குடுத்தது போதும். அந்த மலைக்கு நான் என்னா நேர்ந்து வுட்டுருக்கனா?"

"நீ வேணான்னா போவலம்மா" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். கை கழுவிவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்தாள். "ஆனா ஒண்ணு கேக்கட்டா? நீ அப்பாகூட வாழ்ந்திருக்க. எனக்கு அவர் போட்டோதான். வருஷா வருஷம் நாம மெழுகுவத்தி ஏத்தற எடத்துல அவர் இல்ல. இருக்கற எடத்த நான் ஒரு தடவ பாக்கக் கூடாதாம்மா?"

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. பிறகு அவள் சுவெட்டரை எடுத்து வெயிலில் போட்டேன். அதைப் பார்த்துவிட்டு வந்து பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். ஒரே ஒரு கண்டிஷன் போட்டேன். தினமும் காலையில் நான் நிறம் சொல்வேன், நான் சொன்ன பிறகுதான் வண்டியைத் தொட வேண்டும். "சரி சூப்பர்வைசர்" என்று கிண்டல் செய்தாள். நான் சிரிக்கவில்லை.

போன வாரம் முழுக்க மஞ்சள். வேலை நடந்தது. நடுவில் ஒருநாள் வீடியோ காலில் வந்து, "அம்மா, பாரு" என்று போனைத் திருப்பினாள். உங்கள் மலை. தேவராஜ் சொன்ன அந்த வளைவு. அதற்குக் கீழே, கண்ணுக்கு எட்டாமல் ஒரு பள்ளம்.

அத்தனை வருஷமாக அதைப் பார்த்தால் நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று வைத்திருந்தேன். ஆனால் அது அவ்வளவு அழகாக இருந்தது மாமா. ஒரு கறை இல்லை, ஒரு காலடி இல்லை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. என் வாழ்க்கையை வாயில் போட்டுக்கொண்ட ஒன்று இவ்வளவு அழகாக இருக்கலாமா? போனை மார்பில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். அந்தப் பக்கம் அவளும் அழுதாள். ரூம் பையன்கள் ஓடிவந்து, "என்னாச்சு ஆன்ட்டி?" என்றார்கள். "என் வூட்டுக்காரரப் பாத்தன்பா" என்றேன்.

அப்புறம்தான் பனி கொட்ட ஆரம்பித்தது. காற்றும் சேர்ந்துகொண்டது. நேற்று ஆரஞ்சு. இன்று காலையில் சிவப்பு. நான் போன் செய்வதற்குள் அவளே செய்தாள்.

"அம்மா, பனி நின்னுடுச்சு. வானம் நீலமா இருக்கு" என்றாள்.

எனக்கு உயிரே போய்விட்டது. அதே நீலம். "எங்கடி இருக்க?" என்று கத்தினேன்.

"ரூம்லதாம்மா இருக்கேன். பசங்க வண்டி எடுக்கலாம், வானம் கிளியரா இருக்குன்றாங்க. ரெண்டு நாள் லேட்டாயிடுச்சுன்னு ஆபீஸ்ல இருந்தும் போன் மேல போன். நான் முடியாதுன்னுட்டேன். இங்க இருக்கற டிரைவர் அண்ணன் ஓரமா குழி தோண்டிக் காட்டினார். மேல கெட்டியா இருக்கும்மா, அடில கை வெச்சா உதிருது. இப்ப வெயில் பட்டா அவ்ளோதானாம். ரெண்டு மூணு நாள் மேகம் மூடி, ரொம்பவும் இல்லாம உருகாத அளவுக்குக் குளிரா இருந்தா அது மெதுவா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கெட்டியாயிடுமாம். அப்புறம்தான் எறங்குவோம்."

அவர்கள் கீழே வருவதற்கு வேறு வழியில்லை. உங்கள் வளைவைத் தாண்டித்தான் இறங்க வேண்டும்.

போனை வைத்துவிட்டு அப்படியே அடுப்படியில் முழங்கால் போட்டேன். தினமும் கேட்டுப் பழகிய வார்த்தை முதலில் அதுவாகவே வாயில் வந்துவிட்டது. ஆமாம் மாமா, அந்த ஒரு வருஷத்தோடு நான் நிறுத்தவில்லை. அந்தப் பள்ளத்தில் என்றைக்காவது வெயில் விழாதா, உங்கள் எலும்பாவது கிடைக்காதா என்று இந்த வயசு வரைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். யாருக்கும் தெரியாது. அத்தைக்கு மட்டும் தெரியும். இன்று பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். எழுந்து முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி முழங்கால் போட்டேன்.

வெயில் வேண்டாம் என்று கேட்டேன். மேகம் மூடட்டும். குளிரட்டும். அந்த மலையில் ஒரு சொட்டுகூட உருக வேண்டாம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் அங்கேயே இருங்கள் மாமா. இனிமேல் உங்களை நான் திருப்பிக் கேட்கமாட்டேன். இது சத்தியம். உங்கள் பெண் அந்த வழியாக இறங்கி வருவாள். அவள் வரும்போது நீங்கள் அசையாமல் படுத்திருங்கள், அது போதும் எனக்கு.

உங்களுக்குப் பெண்டாட்டி, அவளுக்கு அம்மா,
லூர்து